இரத்தத்தில் இருந்ததா என்று கேட்டார்கள்

தாராவியில் பப்ளிக் கக்கூஸ் வரிசையில் நிற்பவர்கள் தண்ணீர் நிறைந்த டப்பாவோடு உள்ளே போய்க் காலி டப்பாவோடு வெளியே வருவார்கள். நான் மட்டும் ஒருநாள் முழுக்கக் காலிக் கேனோடு உள்ளே போய், அதில் கொஞ்சம் நிறைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதுவும் இரண்டு கேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைக் கேன்கள். அடியில் ஒரு கை அளவு மருந்துத் தண்ணீர் இருந்தது. திறந்தால் மூக்கில் ஊசி ஏறியது போல இருக்கும்.

வரிசையில் நின்ற ஒரு ஊர்க்காரர் நாலாவது தடவை என்னைப் பார்த்ததும் பொறுக்காமல் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, எல்லாரும் உள்ள போய் விட்டுட்டு வாராவ. நீரு மட்டும் எடுத்துட்டு வாரீரே. உள்ள தங்கமா கெடக்கு?"

வரிசை முழுவதும் சிரித்தது. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பக்கத்து மறைப்பில் ஆள் இருப்பது தெரிந்தால் மூத்திரம்கூட வராது. அப்படிப்பட்ட நான் ஏன் அந்தக் கேன்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். நினைத்தாலே குமட்டுகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. என் வேலைக்கு அது தேவைப்படவும் இல்லை. கம்பெனிகளிலிருந்து வரும் காலி இரும்பு டிரம்களின் மூடியைத் திருகித் திறந்து, துளையில் மூக்கை வைத்து, உள்ளே என்ன இருந்தது என்று சொல்வேன். பெயிண்ட், பசை, ஆசிட், எண்ணெய், தின்னர். எண்ணெய் டிரம்களை நெளிவெடுத்துக் கழுவி விற்பார்கள். மற்றவற்றை கேஸ் நெருப்பால் வெட்டித் தகடாக்குவார்கள். தின்னர் டிரம்மை மட்டும் உடனே வெட்டக்கூடாது. வாய்வரை தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி வைத்து, உள்ளே நிற்கும், தீப்பிடிக்கும் ஆவியை வெளியேற்றிவிட்டுத்தான் நெருப்பு வைக்க வேண்டும். இது அந்தச் சந்தில் நாய்க்குட்டிக்கும் தெரியும்.

எண்பதுகளின் பின்பாதியில் ஒரு கோடைகாலம். இரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. தகடு ஏற்ற லாரி வந்து நின்றுவிட்டது. நான் ஒரு டிரம்மை முகர்ந்து பார்த்து 'தின்னர்' என்று சொல்லி, வெட்டக்கூடாது என்பதற்கு அடையாளமாக அதில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டேன். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு நாளா மூடி தெறந்துதானல கெடக்கு? எல்லாம் காத்தோட போயிருக்கும். வெட்டுங்கலே" என்றார். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

வெட்டுகிறவர் வயதானவர். அவர் நெருப்பை வைத்தபோது என் சின்னம்மை மகன், எனக்குத் தம்பி, டிரம்மின் அந்தப் பக்கம் குனிந்து பழைய தகடுகளை இழுத்துக்கொண்டிருந்தான். நான் நாலடி தள்ளி அடுத்த டிரம்மின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

டிரம் வெடித்தது. தகடு அந்தப் பெரியவரை என்ன செய்தது என்று எழுத மாட்டேன். வாசனையை மட்டும் சொல்லுகிறேன். தின்னர், கருகிய முடி, அதற்கடியில் இன்னொன்று. அந்த மூன்றாவது வாசனையை நான் அதற்கு முன் எந்த டிரம்மிலும் முகர்ந்ததில்லை. பெரியவர் காலையில் வாங்கிக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த வடாபாவ் சுவரோரம் அப்படியே இருந்தது. போலீஸ் வந்துபோன பிறகு லாரிக்காரன் அதை எடுத்து, தூசியைத் தட்டிவிட்டுத் தின்றான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பீடி பற்ற வைத்ததால்தான் வெடித்தது என்று முதலாளி போலீசிடம் சொன்னார். பெரியவர் வெற்றிலை போடுகிறவர். பீடியைத் தொட்டதே இல்லை.

தம்பிக்கு உடம்பில் கீறல்தான். பத்து நாளில் ஆறியது. ஆனால் அவன் வேலைக்கு வரவில்லை. எங்கள் சந்தில் காலை எட்டு மணிக்கு டிரம் அடிக்கத் தொடங்கினால் விளக்கு வைக்கும்வரை ஓயாது. ஒவ்வொரு அடிக்கும் அவன் உடம்பு தூக்கிப் போடும். பரணில் ஏறி, தலையணையைத் தலைமேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு கிடப்பான். சோற்றுத் தட்டை மடியில் வைத்து, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு சாப்பிடுவான். பிறகு மாட்டுங்காவுக்கு நடந்துபோய் ஒரு பூங்காவில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கப் பழகினான். அங்கே இரும்புச் சத்தம் இல்லை என்றான்.

நான் மூன்றாம் நாளே வேலைக்குப் போனேன். மூடியைத் திறந்தேன், மூக்கை வைத்தேன், குடித்த டீ முழுவதும் வெளியே வந்தது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். காலையில் முதல் டிரம்மை முகர்ந்ததும் பின்பக்கச் சாக்கடைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன். கறி தின்பதை விட்டேன். யாரோடும் ஒட்டி உட்கார முடியவில்லை, எல்லாருடைய தலைமுடியும் நாறியது. இதெல்லாம் வெறும் அருவருப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

என் வாய் மூடியிருந்தது முதலாளிக்கு வசதியாகப் போயிற்று. தம்பியைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் என்னைக் கை காட்டினார்.

"இவனப் பாருங்க. அவனுக்குப் பக்கத்துல நின்னவன்தான். கல்லு மாதிரி இருக்காம்லா? வெடிச் சத்தத்துக்கு ஒருத்தனுக்குப் புத்தி கெடும்னா இவனுக்கும்லா கெடணும். அவனுக்குப் பெறவியிலயே நரம்புல கோளாறு. ரத்தத்துல இருந்திருக்கு. இன்னைக்குத் தெரிஞ்சிருக்கு, அம்புட்டுதான்."

இந்தப் பேச்சு செம்பூரில் இருக்கும் எங்கள் மாமா காதுக்குப் போனது. மாமா என்றால் என் அம்மாவுக்கும் சின்னம்மைக்கும் கூடப்பிறந்த தம்பி. ஒரு பெரிய எண்ணெய் ஆலையின் கேட்டில் காவல் வேலை. அவர் மகளைத் தம்பிக்குக் கொடுப்பதாகப் பேசி வைத்திருந்தது. தம்பி உயிரோடு இருந்ததற்கு அப்போது அது ஒன்றுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். பரணில் கிடக்கும்போதுகூட அந்தப் பெண் எப்போதோ கொடுத்துவிட்ட கைக்குட்டையைத்தான் காதில் திணித்திருப்பான்.

மாமா எங்கள் அறைக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னார்.

"வெடியில வந்ததுன்னா ஆறிரும், நான் பொண்ணு தாரேன். ரத்தத்துல இருக்குன்னா பிள்ளைக்கும் வரும்லா? பெரிய ஆஸ்பத்திரில ஒரு டாக்டரம்மா இதத்தான் சோதிக்காங்களாம். தமிழ் பேசுவாங்களாம். போய்க் காட்டி எழுதி வாங்கிட்டு வா. காயிதத்தப் பாத்துட்டுப் பேசுவோம்."

அந்த டாக்டரம்மா மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். முப்பது வயதுகூட இருக்காது. மரியாதையாகத்தான் பேசினார்.

"உக்காருங்கோ. நீங்க ரெண்டு பேரும் சொந்தமா? ஒரே இடத்துல நின்னேளா? ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார்.

எது நல்லதாகப் போயிற்று என்று எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். ஒரே விபத்தைப் பலர் பார்க்கிறார்கள். சிலருக்கு மாதக்கணக்கில் மனசு தேறுவதில்லை, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்? பயந்தால் உடம்பில் சுரக்கும் ஒரு நீர் இருக்கிறது. அது ஆளுக்கு ஆள் கூடும், குறையும். ஒருவேளை விபத்துக்கு முன்பிருந்தே சிலருக்கு அதன் அளவு வேறாக இருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டால் யார் தாங்குவார், யார் தாங்கமாட்டார் என்று முன்கூட்டியே சொல்லலாம். இன்னும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, அதற்காகத்தான் இந்தச் சோதனை என்றார்.

முதலாளி எச்சில் தெறிக்கக் கேட்ட அதே கேள்விதான். இவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக் கேட்டார். அந்த அளவு முன்பிருந்ததா, வெடித்த பிறகு வந்ததா என்று இப்போது எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன். நான் ஐந்தாம் வகுப்பு. கேட்கவில்லை.

பிறகு எங்கள் பின்னால் ஒரு நர்ஸ், சோதனைக்காகச் சொல்லாமல் கொள்ளாமல், எவர்சில்வர் தட்டு ஒன்றைத் தரையில் போட்டாள். தம்பி மேஜைக்கு அடியில் போய்விட்டான். நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. டாக்டரம்மா இரண்டையும் எழுதிக்கொண்டார். நான் எழுந்து வெளியே போய் வராந்தா ஓரத்தில் வாந்தி எடுத்தேன். யாரும் வந்து பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது தம்பி இன்னும் மேஜையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த நர்ஸ் தட்டைத் துடைத்து, அதிலேயே பஞ்சை வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆளுக்கு ஒரு கேன் கொடுத்தார்கள். ஒருநாள் முழுவதும் போகிற மூத்திரம் மொத்தமும் அதில் இருக்க வேண்டும், ஒரு சொட்டுக் குறையக்கூடாது. ஒரு பெண்பிள்ளை இதைச் சொல்லச் சொல்ல நான் தரையில் இருந்த ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் தம்பி கேனை என் காலடியில் போட்டான்.

"நான் தரமாட்டேண்ணே. என் மூத்திரத்த மோந்து பாத்துட்டுத்தான் மாமா பொண்ணு தருவாராமா? அப்பிடின்னா அவரு மூத்திரத்தையும் கொண்டாரச் சொல்லு. நானும் மோந்து பாக்கேன்."

"ஏல, காயிதம் வேணும்னு சொல்லுதாரே."

"அதுக்கு நீ ஒண்ணு போதும்லா. நீதான் கல்லு. உன்னதையே ரெண்டுலயும் ஊத்து. நானும் கல்லாயிருதேன்."

கோபத்தில் சொன்னான். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. நான் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. மறுநாள் விடிந்ததிலிருந்து ஒரு தடவை போவதை என் கேனிலும், அடுத்த தடவை போவதை அவன் கேனிலும் பிடித்தேன். அவன் கேனில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். அதற்கடுத்த நாள் காலை நெரிசலில் இரண்டையும் துணிப்பையில் வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு லோக்கல் ரயிலில் போனேன். பக்கத்தில் இருந்தவன் "க்யா ஹை, தூத்?" என்று கேட்டான். பால் என்று நினைத்துவிட்டான். தலையை ஆட்டினேன். அதன்பிறகு பல மாதம் எனக்குப் பால் குடிக்க முடியவில்லை.

நர்ஸ் கேன்களைத் தூக்கிப் பார்த்து, இவ்வளவுதானா என்ற அர்த்தத்தில் "இத்னாஸா?" என்றாள். தாராவியில் தண்ணீர் வரவில்லை, குடிக்கவே இல்லை என்று சமாளித்தேன்.

பதினைந்து நாள் கழித்து டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மேஜையில் இரண்டு காகிதம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் இருக்க வேண்டியதுல பாதிதான் இருக்கு. அதுவும் அச்சு அசலா ஒரே அளவு. அண்ணன் தம்பியா இருந்தாலும் இப்படி வராது. உண்மையச் சொல்லுங்கோ, என்ன பண்ணினேள்?"

அந்த அறையில் எங்களைத் தவிர நர்ஸும் இருந்தாள்.

"ரெண்டும் என்னதும்மா" என்றேன். "ரெண்டா பிரிச்சு ஊத்திட்டேன்."

அவர் முகம் சுருங்கியது. சாக்கடை தெறித்த சேலையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து இரண்டு காகிதத்திலும் குறுக்கே கோடு போட்டார். பெருக்கல் குறி. நான் டிரம்மில் போட்ட அதே குறி.

"உங்களை நம்பித்தானே எழுதினேன்? ரெண்டு பேரையும் நீக்கறதைத் தவிர வேற வழியில்லை." பேனாவை மூடிவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார். "உங்களுக்கு நிஜமாவே ஒண்ணும் இல்லையா? தூக்கம், சாப்பாடு?"

"ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கேன்" என்றேன். அந்த நர்ஸ் முன்னால் எனக்குச் சொல்ல வரவில்லை.

ஆக, காகிதம் கிடைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்கு நான் தனியாகப் போனேன். மாமா வீட்டில் கறி வேகும் வாசனை வாசலிலேயே வந்தது. கூடத்தில் மாமா பனியனோடு உட்கார்ந்து கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய நகங்களைச் சாப்பிடும் பாயின் ஓரத்திலேயே குவித்து வைத்திருந்தார். அத்தையும் மாமா மகளும் அடுக்களையில் இருந்தார்கள்.

"காயிதம் எங்க?"

"இல்ல மாமா. தப்பு நடந்துபோச்சு. கேன்சல் பண்ணிட்டாங்க."

"கேன்சல் பண்ணுனா என்னல அர்த்தம்? ரத்தத்துல இருக்குன்னுதான அர்த்தம். இல்லன்னா இல்லன்னு எழுதிக் குடுத்திருப்பாங்கல்லா?" நகம் வெட்டியை மடக்கினார். "சரி, விடு. காயிதமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீ பக்கத்துல நின்னவன். உனக்கு ஒண்ணும் ஆவல. அவனுக்கு ஆயிருக்கு. அதுவே போதும்லா எனக்கு?"

மூன்று மாதமாக நான் பேசாமல் இருந்ததை அவர் கையில் எடுத்துத் தம்பியை அடித்தார். அடுக்களையில் அத்தை குழம்பைத் திறந்திருக்க வேண்டும். அந்த வாசனை நேராக வந்து என் தொண்டையில் இறங்கியது. எழுந்து ஓடி, முற்றத்துக் குழாயடியில் எல்லாவற்றையும் கக்கினேன். திரும்பி வந்து, நின்றபடியே சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் பேசியது அன்றுதான்.

"எனக்கும் இருக்கு மாமா. தெனமும் இப்பிடித்தான். கறிய மோந்தா அந்தப் பெரியவரு வாசனை வருது. ராத்திரி கண்ண மூடுனா வருது. தம்பி நடுங்குதான், எல்லாருக்கும் தெரியுது. நான் சாக்கடையில போய்க் கக்கிட்டு வாரேன், ஒருத்தருக்கும் தெரியல. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லதான் வந்துச்சு. அன்னைக்குத் தண்ணி வரல. தின்னர்னு நான் சொன்னேன், குறி போட்டேன். தண்ணி ஊத்தாம வெட்டச் சொன்னாரு மொதலாளி."

மாமா வாயைத் திறக்குமுன் அடுக்களை வாசலில் அந்தப் பெண் வந்து நின்றாள். கையில் கரண்டி.

"அப்பா, ஒண்ணு கேக்கேன். சின்ன அத்தான் ரத்தம்னா அது யாரு ரத்தம்? உங்க அக்கா ரத்தம்லா? பெரிய அத்தானும் உங்க இன்னொரு அக்கா மகன்தான. அப்பம் உங்களுக்கும் சோதிக்கணும்லா. கேன் வாங்கியாரவா?"

"வாய மூடு முண்ட. உள்ள போ."

"போறேன். அத்தான கட்டலன்னா நான் ஒருத்தனையும் கட்டமாட்டேன். அதையும் எழுதி வாங்கிக்கிடுங்க."

அவள் போன பிறகு மாமா நகக் குவியலை உள்ளங்கையில் கூட்டி அள்ளினார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"நெறஞ்ச டிரம்ம விட காலி டிரம்முதாம்ல ஆபத்து. உள்ள ஆவி நிக்கும். எங்க கேட்ல பெருசா எழுதி வச்சிருக்கு. பதினாலு வருசமா அது கீழதான் ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கேன்."

இந்த மனுஷனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு இரத்தத்தைக் கேட்டார், மூத்திரத்தைக் கேட்டார். தண்ணீர் ஊற்றினார்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கல்யாணத்தத் தை மாசம் வச்சிக்கிடுவோம்" என்றார்.

நான் மாமா வீட்டில் சொன்னது சந்துக்கு வந்து சேர ஒரு வாரம் ஆகவில்லை. முதலாளி என்னை மூக்கு வேலையிலிருந்து எடுத்துத் தகடு அடுக்கப் போட்டார். "அண்ணன் தம்பி ரெண்டு பேருக்குமே ரத்தத்துல கோளாறாம்லா" என்று இப்போது சொன்னார். ஒரு டிரம் வெடித்தது, ஒருவர் செத்தார், இரண்டு பேருக்குக் கெட்ட இரத்தம். டீக்கடையில் இருந்த ஒருவருக்கு மட்டும் நல்ல இரத்தம். அதைக் கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். அந்தத் தலைகளை எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. இரண்டு மாதத்தில் அந்த வேலையை விட்டு, வடாலாவில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சேர்ந்தேன். அட்டைக்குப் பசை வாசனை மட்டும்தான்.

தை மாதம் செம்பூரில் ஒரு சிறிய ஹாலில் கல்யாணம் நடந்தது. மேளம் கூடாது, பேண்டு கூடாது, வெடி கூடவே கூடாது என்று மாமா சொல்லியிருந்தார். சாவு வீடு மாதிரி இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே மூன்று தடவை பாயசம் வாங்கிக் குடித்தார்கள். தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது பின்கட்டில் யாரோ அண்டா மூடியைக் கீழே போட்டார்கள். தம்பி மாலையோடு எழுந்து நின்றுவிட்டான். அவள் அவன் வேட்டியைப் பிடித்துக் கீழே இழுத்து, "மூடிதான். அண்டா மூடி. உக்காருங்க" என்றாள். அவன் உட்கார்ந்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, பந்தி முடியும்வரை விடவில்லை.

நான் பின்வாசல் வழியாக வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். எல்லாம் வந்து முடிந்து நிமிர்ந்தபோது பக்கத்தில் மாமா நின்றார். பட்டு வேட்டி, கையில் ஒரு சொம்புத் தண்ணீர்.

"கொப்புளிச்சுட்டுக் குடில" என்றார்.

அவர் விரல் சொம்பின் உள்விளிம்பில் நனைந்துகொண்டிருந்தது. வளர்ந்த நகம். அந்தக் கையிலிருந்து வாங்கிக் குடிக்க எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. தொண்டை எரிந்தது. வாங்கிக் குடித்தேன்.